கடிகாரத்தைத் தோற்கடித்த சூசை

"என்ன அவசரப்படுத்துற ஆளு இந்தத் தீவுலயும் இல்ல, ஃபெரி ஏறி அந்தப் பக்கம் போய்த் தேடுனாலும் இல்ல. கடியாரத்தாலயே முடியல லா! ரோமாபுரியிலேர்ந்து போப்பாண்டவரே பிளேன் ஏறி வந்து, 'சூசை, சட்டுன்னு அடிப்பா'ன்னு சொல்லட்டும். மோதிரத்துக்கு முத்தம் குடுத்துட்டு, கோலுக்குச் சாக் போட்டுட்டு, யோசிச்சுத்தான் அடிப்பேன்."

இப்படி அருளியவர் சூசை. அருளிய இடம் பினாங்குத் தீவில், சூலியா தெருவில் ஒரு கோப்பிக்கடை. கேட்டவர்கள், பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்த இருவர், காலடியில் ஒரு பூனை, எதிரே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்த முனுசாமி. முதல் மூவரோடு போயிருந்தால் அந்தச் சொல் தேநீரோடு சேர்ந்து ஆறியிருக்கும். ஆனால் முனுசாமியின் கையில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே தேநீர் மட்டும் ஆறியது.

முனுசாமி ஜுருவில் பழைய கார் விற்பவர். அது வயிற்றுக்கு. ஆன்மாவுக்கு அவர் நடத்திவந்தது 'பினாங்கு பூல் நீதிமன்றம்' என்ற ஃபேஸ்புக் பக்கம். மேசைமேல் கோலால் பந்துகளைக் குழிக்குள் அடிக்கும் பூல் ஆட்டக்காரர்களின் நடத்தையை அங்கே விசாரிப்பார்கள். தோற்ற கோபத்தில் கியூ கோலை முழங்காலில் வைத்து ஒடித்தவன், ஜெயித்தவனுக்குக் கை கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன், எதிராளி குறிபார்க்கும் நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமியவன் எல்லாரும் அந்தக் கூண்டில் ஏறியிருக்கிறார்கள். நீதிபதி, அரசு வழக்கறிஞர், தூக்குப் போடுபவர் மூன்றும் முனுசாமியே. தண்டனை மிளகாயில். சின்னக் குற்றத்துக்கு ஒரு மிளகாய்ப் படம். மன்னிக்க முடியாத குற்றத்துக்கு ஐந்து. அதற்கு மேல் சட்டத்தில் இடமில்லை. சூசை நிரந்தரமாக ஐந்தில் இருந்தார்.

அவர் செய்த குற்றம் மெதுவாக ஆடியது. மலாயில் மெதுவுக்கு 'பெலான்' என்பார்கள். ஊர் அவருக்கு வைத்த பெயர் பெலான் சூசை. மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒரே மனதாக ஏற்றுக்கொண்ட பெயர்கள் இந்தத் தீவில் அதிகம் கிடையாது. அந்த வகையில் சூசை தேசிய ஒற்றுமைக்குத் தம்மால் ஆனதைச் செய்திருந்தார்.

அவர் எவ்வளவு மெதுவென்றால், ஒரு போட்டியின் நடுவே பார்வையாளர் ஒருவர் எழுந்துபோய் முடி வெட்டிக்கொண்டு, சவரமும் செய்துகொண்டு, மாடியேறித் திரும்பி வந்தபோது சூசை அதே மஞ்சள் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புதுமுகம் யாரோ வந்து உட்கார்கிறார் என்று நினைத்து அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு மறுபடியும் பந்தைப் பார்த்தார். எதிராளிகள் வெறுத்துப்போவார்கள், சூடாவார்கள், பிறகு தூங்கிப்போவார்கள். தூங்கி எழுந்தவனுக்குக் குறி தப்பும். சூசை ஜெயிப்பார். 'எதிராளியைத் தூங்கவைத்துக் கழுத்தறுக்கிறான். இது திட்டமிட்ட சதி' என்று நீதிமன்றம் தீர்ப்பெழுதியது. தூத்துக்குடியிலிருந்துகூட ஒருவர் திட்டினார். அவர் பூல் மேசையை நேரில் பார்த்ததில்லையாம். ஆனாலும் நியாயம் பொது அல்லவா.

சதி ஒன்றும் இல்லை என்பது சூசையின் மனைவி சவுந்தரத்துக்கு மட்டும் தெரியும். மனுஷன் கனவு காண்கிறார், அவ்வளவுதான்.

விளக்கின் கீழ் நீலத்துணி விரித்த மேசைமேல் குனிந்ததும் சூசைக்கு முதலில் சத்தம் போய்விடும். அடுத்து சுவர்கள் போகும். பிறகு கூரையும் மெல்ல விலகிக்கொள்ளும். மிஞ்சுவது அந்த நீலம்தான். தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே காற்றில்லாத மத்தியானத்தில் அசையாமல் கிடக்கும் தண்ணீர் போல. பந்துகள் நங்கூரம் போட்டு நிற்கும். ஆறு குழிகளும் ஆறு துறைமுகங்கள். ஒவ்வொன்றிலும் யாரோ யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். கழுத்தில் தொங்கும் புனித அன்னாள் பதக்கத்தைத் தொட்டுக்கொண்டு காத்திருப்பார். காத்திருந்தால் வெள்ளைப் பந்திலிருந்து ஒரு கோடு கிளம்பும். சிலந்தி இழை மாதிரி மெல்லியது. அது நகர்ந்து நகர்ந்து போய்க் குழியில் இறங்கும்வரை கை அசையக்கூடாது. கோட்டுக்கு அவசரம் கிடையாது. வழியில் நின்று வேடிக்கை பார்க்கும். ஒருநாள் கோடு மேசையை விட்டு இறங்கி, ஜன்னல் வழியே வெளியேறி, துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து குழியில் விழுந்ததாகச் சவுந்தரத்திடம் சொன்னார்.

"கண்ணு டாக்டர ஒருவாட்டி பாருங்க" என்றார் சவுந்தரம்.

பாயான் பாருவில் வீடு. பக்கத்துத் தொழிற்பேட்டையில் நகம் அளவு மின்பலகைகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. அங்கே இதே நிதானத்துக்காகச் சூசைக்கு நற்சான்றிதழும் சுவர்க்கடிகாரமும் கொடுத்திருந்தார்கள். காலையில் பாராட்டப்படும் குணத்துக்காகவே மாலையில் திட்டு வாங்கும் பேறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. திட்டுகளை அவர் படிப்பதில்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சவுந்தரம்தான் வாசித்துக் காட்டுவார்.

"'இவனுக்கு மேசை குடுக்காதீங்க, மெத்த குடுங்க'ன்னு ஒருத்தன் போட்டுருக்கான்."

"நல்லாத்தானே எழுதியிருக்கான்."

"'அன்னாளம்மா பதக்கத்தத் தொட்டுத் தொட்டே தேச்சுப்புட்டான்'னு ஒருத்தன்."

"அது உண்மதான். மூக்கு தேஞ்சு போச்சு."

இனி கடிகார வரலாறு. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த போட்டியில் நடுவராக நின்றவர் நோர்மா. கடலுக்கு அக்கரையில், ஃபெரி போய்ச்சேரும் பட்டர்வொர்த்தில் குடியிருப்பவர், பள்ளிக்கூடமொன்றில் உடற்பயிற்சி ஆசிரியை, மாநிலத்தில் சான்றிதழ் பெற்ற பூல் நடுவர்களில் ஒருவர். விதி என்றால் விதி. சூசை ஒரு பந்தைச் சுற்றி நாலாவது பிரதட்சிணம் வந்தபோது நோர்மா கையை உயர்த்தி, "என்சிக் சூசை, மெதுவாட்டத்துக்கு எச்சரிக்கை" என்று மலாயில், 'என்சிக்' என்ற மரியாதை அடைமொழியோடு, அறிவித்து, மேசையோரம் கடிகாரத்தை வைத்தார். அரங்கம் கைதட்டியது. முனுசாமியின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். இனி ஒவ்வோர் அடியும் குறித்த நேரத்துக்குள்.

யாரும் எதிர்பாராதது நடந்தது. சூசை அதுவரை சுலபமான பந்துகளைச் சீக்கிரம் அடித்துக்கொண்டுதான் இருந்தார். கடிகாரம் வந்ததும், தமக்கு எவ்வளவு நேரம் உண்டு என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. குழியின் வாயில் நின்று 'தள்ளு' என்று கெஞ்சும் பந்துக்குக்கூட முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டு, கடைசித் துடிப்பில் அடித்தார். ஆட்டம் முன்னைவிட நீண்டது. கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்துபோனது. சங்கம் கூடி, சூசைக்குக் கடிகாரம் வைப்பதில்லை, எதிராளி எழுந்து நின்று புகார் சொன்னாலொழிய நடுவர் அவரைத் தட்டியெழுப்புவதில்லை என்று தீர்மானம் போட்டது. கோப்பிக்கடையில் அருளிய வாக்கு அந்த வெற்றிக்குப் பின் வந்ததுதான்.

வாக்கு பெரிதாயிற்றே தவிர ஆள் பெரிதாகவில்லை. ஐம்பதைத் தாண்டியும் சூசை மாநில அணியின் சட்டையை ஒருநாளும் போட்டதில்லை. தேர்வுக் குழு ஒவ்வொரு வருடமும் அவர் பெயரை வாசிக்கும். 'நேரடி ஒளிபரப்பு தாங்காது' என்று சிரித்துத் தாண்டிவிடும். இந்த வருடம் என்ன தோன்றியதோ, அணியில் மிச்சமிருந்த ஓரிடத்துக்கு ஒரே ஆட்டம் வைத்தார்கள்: சூசை, எதிரே ஸ்ரீகரன். ஜெயிப்பவருக்குச் சட்டை. அடுத்த வருடத்திலிருந்து நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்தான் அணி என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே இதுதான் முதலும் கடைசியும். சவுந்தரம் அலமாரியில் தம் சேலைகளை நெருக்கித் தள்ளி, ஒரு சட்டை தாராளமாகத் தொங்கும் அளவுக்கு இடம் பண்ணி வைத்திருந்ததைச் சூசை பார்த்துவிட்டார்.

நோன்பு மாதத்தில் ஆட்டம். துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ பக்கத்துச் சந்தில், பழைய கிட்டங்கிக்கு மேல்மாடியில் கூடம். பகல் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தார்கள். மழை வரப்போகிற வெயில். கீழே தெருவில் நோன்பு திறப்பதற்கான பலகாரக் கடைகளுக்குக் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரவேண்டிய நடுவருக்கு டெங்கிக் காய்ச்சல். நோர்மாதான் நின்றார், வெள்ளைக் கையுறை, கறுப்புச் சட்டை, தலையில் சாம்பல் நிறத் துடோங் முக்காடு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத நிலை.

ஸ்ரீகரன் முப்பது வயதுக்காரர், வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. தாத்தா காலத்தில் ரயில்வே கிளார்க்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். எதையும் முன்னேற்பாட்டோடு செய்யும் குலம். விமானத்தில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தலையணையோடு வந்திறங்கினார்.

"அங்கிள், நீங்க நிதானமா அடிங்க. நான் கம்ப்ளெய்ன் பண்ணவே மாட்டேன். எல்லாத்துக்கும் ரெடியா வந்துருக்கேன்" என்று தலையணையைத் தட்டிக்காட்டினார்.

"சந்தோஷம் தம்பி. குளிரும், சுவெட்டர் கொண்டாந்தீங்களா?"

"அதுவும் இருக்கு."

ஒன்பது பந்து ஆட்டம். எண் வரிசைப்படி அடித்துக்கொண்டுபோய், ஒன்பதாம் பந்தைக் குழியில் போடுபவருக்கு அந்தச் சுற்று. முதலில் ஏழு சுற்று எடுப்பவர் வெற்றி.

சூசை குனிந்தார். சத்தம் போனது. சுவர் போனது. மழை கூரையில் விழுவது ரொம்பத் தொலைவில், வேறு யாருடைய கூரையிலோ விழுவதுபோல் கேட்டது. ஐந்து சுற்றுகளை அவர் எப்படி எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. நீலத்தில் கோடுகள் வந்தன, போயின. ஒரு கோட்டின் பின்னால் போனபோது ஒரு துறைமுகத்தில் சவுந்தரம் நின்றுகொண்டிருந்தார், கையில் கத்தரிக்காயோடு. தலையணைக்குள் ஸ்ரீகரனின் தலை சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்தது. முனுசாமி நேரலையில் கிசுகிசுத்தார்: "மக்களே, ஒரு பாவப்பட்ட புள்ளய எப்படித் தாலாட்டித் தூங்கவைக்கிறான் பாருங்க. அஞ்சு மிளகா பத்தாது. சட்டத்தத் திருத்தணும்."

ஐந்துக்கு மூன்று என்று சூசை முன்னால் நின்றபோது இடைவேளை விட்டார்கள்.

சூசை நடைவழிக்குப் போனார். தண்ணீர் இயந்திரத்துக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான ஜன்னல் உண்டு. அங்கிருந்து கடல் தெரியும். கையில் காகிதக் குவளை. நோன்பாளிகள் எதிரே குடிக்கக்கூடாது என்பதற்காக இயந்திரத்தின் மறைவில் நின்றார். அந்த மரியாதைதான் வினையாயிற்று. இந்தப் பக்கம் நோர்மா வந்து, ஆளில்லை என்று நினைத்து, கைப்பேசியில் மகளை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இரு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மதியத்திலிருந்து நின்ற இடுப்பு.

மகளுக்கு ஏழு வயது. அன்றுதான் முதன்முறையாக முழு நோன்பு பிடிக்கிறாள். அதுவரை பிடித்ததெல்லாம் மத்தியானத்தோடு முடிகிற அரை நோன்பு. அம்மா தன் கையால் பேரீச்சம்பழம் ஊட்டி நோன்பு திறக்கவைப்பது என்று ஒப்பந்தம்.

"அம்மா, இன்னும் நான் சாப்பிடல. தண்ணிகூட குடிக்கல" என்றது சின்னக் குரல் மலாயில். "பல்லு தேய்க்கறப்பகூட துப்பிட்டேன்."

"கெட்டிக்காரி."

"சாயங்காலப் பாங்கு சொல்றதுக்குள்ள வந்துருவீங்கல்ல?"

நோர்மா மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார். "பார்க்கிறேன் கண்ணு. ஆட்டம் முடியணும்."

"இன்னிக்கு யாரு ஆடுறா?"

"சூசை அங்கிள்."

அழுகையும் இல்லாமல், கோபமும் இல்லாமல், மழை நிலவரம் சொல்கிற மாதிரி குழந்தை கேட்டது:

"பெலான் அங்கிளா? அப்பன்னா நீங்க நாளைக்குத்தான் வருவீங்க. நான் பாட்டிகூட திறந்துக்கறேன்."

நோர்மா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் வேறெதுவாகவோ ஆகிவிட்டது. கைப்பேசியைப் பையில் போட்டு, கையுறையைச் சரிசெய்து, முகத்தை நடுவர் முகமாக்கிக்கொண்டு உள்ளே போனார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நடுவர் தம் வீட்டுக் காரியத்துக்காக ஆட்டக்காரரை விரட்டக் கூடாது. விதி என்றால் விதி.

சூசை குவளையோடு நின்றார். உலகின் பல மூலைகளிலிருந்தும் பல மொழிகளில் திட்டு வாங்கியவர் அவர். எதுவும் உள்ளே இறங்கியதில்லை. இது திட்டே இல்லை. கடல் கடந்து ஒரு வீட்டில், பந்து எது, கியூ எது என்று தெரியாத ஒரு பிள்ளை, தம் மெதுவை நம்பி ஓர் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. ஃபெரி ஒன்று கனவில் வருகிற வீடு மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்துபோனது. அவர் தண்ணீரைக் குடிக்காமல் தொட்டியில் ஊற்றினார்.

உள்ளே வந்ததும் பதக்கத்தைத் தொட்டார். குனிந்தார். அடித்தார்.

அறையில் இருந்தவர்களுக்கு முதலில் என்ன நடந்ததென்று புரியவில்லை. பந்து விழுந்த சத்தம் கேட்டுச் சிலர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். அதற்குள் அடுத்ததை அடித்தார். ஸ்ரீகரன் அப்போதுதான் தலையணையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நில்லுங்க, ஆரம்பிச்சாச்சா?"

"ஆச்சு லா. உட்காருங்க தம்பி. இல்ல, உட்காராதீங்க, உங்க முறை வந்துரும்."

கோடு வரவில்லை. அதற்கு வர நேரம் கொடுக்கவுமில்லை. முதன்முறையாக மேசையைச் சூசை விழிப்போடு பார்த்தார். அது துணியாக இருந்தது. ஓரத்தில் சிகரெட் சுட்ட ஓட்டை. நடுவில் யாரோ எப்போதோ கோப்பி ஊற்றிய கறை. துறைமுகம் என்று இத்தனை வருடம் நினைத்ததெல்லாம் தோல் தைத்த ஆறு பைகள். இவ்வளவு அழுக்கான சாமானையா இத்தனை நாள் கும்பிட்டோம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தையும் நீட்டாமல் அடித்தார். ஒன்பதாம் பந்து விழுந்தது. ஆறுக்கு மூன்று. நோர்மா பந்துகளை அடுக்கும்போது கை சற்று வேகமாக ஓடியது; முகம் ஓடவில்லை.

முனுசாமி கைப்பேசியை இன்னும் உயர்த்திப் பிடித்தார். இரண்டு வருடமாக எந்த மாற்றத்துக்காகப் போராடினாரோ அது கண்முன் நிற்கிறது. "மக்களே, புதுத் தந்திரம் கொண்டாந்துட்டான்! பழக்கமில்லாத வேகத்துல அடிச்சு எதிராளிய மெரட்டுறான். இது சதியில்லாம என்னா?" நேரலையில் கோபங்கள் கொட்டின. 'எங்கள் சூசையின் நிதானம் எங்கே' என்றுகூட ஒருவர் எழுதினார்.

ஆனால் வேகம் ஸ்ரீகரனின் தாய்மொழி. தூக்கம் கலைந்தது, தலையணை கழன்றது, சுவெட்டரும் கழன்றது. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று அவர் பக்கம் சரிந்தது. சூசைக்கும் வாய்ப்புகள் வந்தன. கொஞ்சம் நின்று பார்த்திருந்தால் விழுந்திருக்கும் பந்துகள் குழியின் உதட்டில் முட்டித் திரும்பின. ஆறுக்கு ஆறு. அடுத்த சுற்று எடுப்பவருக்குச் சட்டை.

அந்தச் சுற்றின் நடுவில் ஆட்டம் சூசையின் கைக்கு வந்தது. ஏழாம் பந்து, எட்டுக்குப் பின்னால் பாதி மறைந்து கிடந்தது. இரண்டு வழி. ஒன்று, வெள்ளைப் பந்தை ஒன்பதுக்குப் பின்னால் ஒளித்துவைத்து ஸ்ரீகரனைத் தவிக்கவிடுவது. ஒளித்து விளையாடுவதில் சூசையை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆளில்லை, இருட்டும்வரை ஒளிப்பார், கடைசியில் இளசு கோபத்தில் தவறு செய்யும். சட்டை ஏறக்குறையத் தோளில். இன்னொன்று, விளிம்பில் மோதவைத்துக் குறுக்கே ஓர் அடி. பத்துக்கு நாலு தடவை விழும்.

மழை கழுவிய ஜன்னலில் மஞ்சள் வெயில் சாய்ந்திருந்தது. கீழே கடைகளிலிருந்து பொரித்த வெங்காய வாசம் மேலேறி வந்தது. நோர்மா நேராக முன்னால் பார்த்து நின்றார். விழுங்க எச்சில் இல்லாத தொண்டை ஒருமுறை அசைந்தது.

அலமாரியில் நெருங்கி நின்ற சேலைகள் சூசைக்கு நினைவு வந்தன. பச்சை, குங்குமம், திருநாளுக்கு எடுத்த வெள்ளை. அவற்றுக்கிடையில் இருந்த வெற்றிடமும்.

குறுக்கே அடித்தார்.

பந்து குழியை நோக்கி அழகாகப் போனது. வாயருகில் இரண்டு உதட்டிலும் தட்டிக்கொண்டு ஆடி, யோசித்து, வெளியே நின்றுவிட்டது.

"வித்துட்டான்டா!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினான். "ஆட்டத்த வித்துட்டான்!"

ஸ்ரீகரன் ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்றையும் வாரிப் போட்டார். சூசை அவர் நிமிர்வதற்கு முன்பே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அங்கிள், ஒளிச்சு வச்சிருந்தா நான் செத்தேன். ஏன் அங்கிள்?"

"நல்லா ஆடுனீங்க தம்பி. அணியோட போய் மாநிலத்து மானத்தக் காப்பாத்துங்க."

நோர்மா முடிவுத்தாளை அட்டையில் வைத்து நீட்டினார். தோற்ற தருணங்களில் அதை ஒவ்வோர் எழுத்தாக வாசித்து, பேனாவை உதறி, மறுபடியும் வாசிப்பது சூசையின் வழக்கம் என்று ஊருக்கே தெரியும். "என்சிக் சூசை, ஆட்சேபம் ஏதாவது உண்டா?" கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

"தாக் அடா" என்றார் சூசை. ஒன்றுமில்லை. வாசிக்காமல் கையெழுத்தைக் கிறுக்கினார். நோர்மா தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சூசை அதற்குள் கியூவைக் கழற்றத் திரும்பிக்கொண்டார். மரப்படிகளில் வேகமாக இறங்கும் காலடிச் சத்தம் கேட்டது.

முனுசாமி கைப்பேசியை மூக்கருகே கொண்டுவந்தார். "அண்ணே, மக்கள் கேக்குறாங்க. எதுக்கு இந்த அவசரம்? யாரு என்னா குடுத்தா?"

"பசி லா தம்பி" என்றார் சூசை. "வயிறு கேக்கல."

அன்றைய தீர்ப்பு நீதிமன்ற வரலாற்றில் முதன்முறையாக ஆறு மிளகாய். 'நோன்போடு நடுவர் கால்கடுக்க நிற்க, மூன்று வேளையும் தின்கிற இவனுக்குப் பசியாம்' என்று முனுசாமி எழுதியதை ஆயிரக்கணக்கானோர் கண்ணீரோடு பகிர்ந்தார்கள். தூத்துக்குடிக்காரர் இரண்டு முறை பகிர்ந்தார்.

கூடம் காலியானது. சூசை நடைவழி ஜன்னலுக்குப் போய் நின்றார். தண்ணீர் மேல் வெளிச்சம் இன்னும் முழுதாய் அடங்கவில்லை; தண்ணீர் எது, வெளிச்சம் எது என்று பிரிக்க முடியாத நேரம். துறையை விட்டு ஒரு ஃபெரி விலகிப் போய்க்கொண்டிருந்தது. மேல்தட்டில் சிலர் நின்றார்கள். சாம்பல் துடோங் ஒன்றிரண்டு தெரிந்தன. எது யார் என்று அங்கிருந்து சொல்ல முடியாது.

கைப்பேசி அடித்தது. சவுந்தரம்.

"என்னா, பிரேக்கா?"

"இல்ல. முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா?" அந்தப் பக்கம் கரண்டி கீழே வைக்கப்படும் சத்தம். "வெளிய இன்னும் வெளிச்சமா இருக்கே. உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். தோத்துட்டேன்."

"சரி, வாங்க" என்றார் சவுந்தரம். "சோறு இன்னும் வைக்கல. நீங்க இவ்வளோ சீக்கிரம் வருவீங்கன்னு நான் என்னா கண்டேன்?"

"மெதுவா வை லா" என்றார் சூசை. "இந்த ஃபெரி அந்தக் கரை தொடட்டும். பார்த்துட்டு வர்றேன்."